ஐசியு நோயாளியின் உடல் திறனை அளப்பது எப்படி: பெட்டருகே செய்ய வேண்டிய வரிசை

ஐசியுவில் புதிதாகச் சேரும் பிசியோதெரபிஸ்டும் ஸ்டாஃப் நர்ஸும் தடுமாறும் இடம், தசையில் கை வைப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. நோயாளிக்குச் சொன்னது புரிந்ததா என்று பார்க்காமல் கையைத் தூக்கச் சொல்கிறார்கள். அவர் தூக்கவில்லை. உடனே கேஸ் ஷீட்டில் தசைப் பலம் 5-க்கு '2' என்று ஏறிவிடுகிறது. மறுநாள் மயக்க மருந்து குறைந்ததும் அதே கை '4' ஆகிறது. பார்க்கிற டாக்டருக்கு ஒரே இரவில் பலம் கூடியதுபோலத் தெரியும். உண்மையில் கூடியது விழிப்பு மட்டும்தான்.

அதனால் வரிசை முக்கியம்: முன்பு எப்படி இருந்தார், விழித்திருக்கிறாரா, அசைப்பது பாதுகாப்பா, பலம் எவ்வளவு, அந்தப் பலத்தை வைத்து என்ன செய்கிறார். முந்தைய படி தேறாமல் அடுத்ததற்குப் போனால் வருகிற எண்ணுக்குப் பொருள் இல்லை. இந்த வழிகாட்டி வென்டிலேட்டரில் இருக்கும், அல்லது அதிலிருந்து இப்போதுதான் வெளிவந்த பெரியவர்களுக்கானது. குழந்தைகளுக்கு அளவுகோல்களே வேறு.

1. குடும்பத்தாரிடம் முதலில் கேளுங்கள்

நோயாளியைத் தொடுவதற்கு முன் வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரிடம் போங்கள். இப்போதைய எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதை இந்தப் பேச்சுதான் தீர்மானிக்கும். கேட்க வேண்டிய காலம் நோய் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளைப் பற்றிக் கேட்டால், காய்ச்சலில் சுருண்டு கிடந்ததைச் சொல்வார்கள்.

"எல்லா வேலையும் செய்வாங்களா?" என்று கேட்காதீர்கள். "நல்லா செய்வாங்க" என்றுதான் பதில் வரும். வீட்டுப் பெரியவரைப் பற்றி வேறு மாதிரிச் சொல்ல மனம் வராது. நடந்ததைக் கேளுங்கள். "அதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாங்களா? நடந்தா, ஆட்டோவிலா? படி ஏறும்போது யாரையாவது பிடிச்சாங்களா?" 'செய்வாரா' என்பதை 'செய்தாரா' என்று மாற்றினாலே பதில் மாறிவிடும்.

தொழிலை வைத்துக் கேட்டால் இன்னும் துல்லியம் கிடைக்கும். குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கத்தவரானால், விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போனாரா, மேட்டில் எத்தனை மரம் வெட்டினார் என்று கேளுங்கள். குளச்சல், முட்டம் பக்கமானால், கடலுக்குப் போனாரா, கரையில் வலை சீர்செய்வதோடு நிறுத்திக்கொண்டாரா. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்த பெண்ணானால், குத்தவைத்து உட்கார்ந்து எழும்பினாரா, ஸ்டூல் போட்டாரா. 70 வயதிலும் மரத்துக்கு மரம் நடந்தவரும், 55 வயதில் வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவரும் இந்த மாவட்டத்தில் உண்டு. வயதை வைத்து ஊகிக்காதீர்கள்.

கிடைத்த பதிலை உடல் தளர்ச்சியைக் குறிக்கும் 9 நிலை உள்ள கிளினிக்கல் ஃப்ரெயில்டி அளவிலோ, அன்றாட வேலைகளைக் குறிக்கும் 100 மதிப்பெண் பார்த்தெல் அட்டவணையிலோ குறியுங்கள். கூடவே மூன்று விவரம்: வீட்டு வாசலில் எத்தனை படி, கக்கூஸ் இந்தியன் வகையா வெஸ்டர்னா, படுப்பது கட்டிலிலா பாயிலா. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் இவை தேவைப்படும். அன்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

நோயாளிக்குக் காது மந்தமா, கண்ணாடி உண்டா, வீட்டில் தமிழா மலையாளமா, அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பாதவர், 'பாட்டா' என்றதும் கண் திறப்பது உண்டு.

2. அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள்: மூன்று போதும்

ஐசியுவுக்கென்று அளவுகோல்கள் நிறைய இருக்கின்றன. நான்கைந்தைச் சேர்த்துப் போட்டால் எதுவும் தொடர்ந்து நடக்காது. ஒன்று பலத்துக்கு, ஒன்று செயலுக்கு, ஒன்று தினசரிக் குறிப்புக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலத்துக்கு எம்ஆர்சி (MRC) கூட்டு மதிப்பெண். செயலுக்கு எஃப்எஸ்எஸ்-ஐசியு (FSS-ICU) அல்லது சிபேக்ஸ் (CPAx). முன்னதில் 5 செயல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை, மொத்தம் 35. பின்னதில் 10 கூறு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 50. மூச்சும் இருமலும் அதில் சேரும். ஆனால் சிபேக்ஸில் கைப்பிடிப் பலமும் ஒரு கூறு, அதற்கு டைனமோமீட்டர் வேண்டும். கருவி இல்லாத ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டத்தை ஊகித்து நிரப்புவதைவிட, கருவியே தேவைப்படாத எஃப்எஸ்எஸ்-ஐசியுவை எடுத்துக்கொள்வது நேர்மையானது. தினசரிக் குறிப்புக்கு ஐசியு மொபிலிட்டி அளவு. 0 முதல் 10 வரை, ஒரு நிமிட வேலை.

நடுவில் அளவுகோலை மாற்றாதீர்கள். சேர்ந்தபோது ஒன்றிலும் வெளியேறும்போது இன்னொன்றிலும் எழுதினால் இரண்டையும் ஒப்பிட வழியே இல்லை.

3. நேரத்தையும் பொருளையும் முடிவு செய்யுங்கள்

டயாலிசிஸ் முடிந்த கையோடு, வென்டிலேட்டரிலிருந்து தானாக மூச்சுவிடும் சோதனை முடிந்த கையோடு, குளிப்பாட்டிப் புரட்டிப் போட்ட கையோடு அளக்காதீர்கள். அப்போது நீங்கள் அளப்பது களைப்பை. முதல் முறை காலை பத்தரைக்கு அளந்தால், அடுத்த முறையும் ஏறக்குறைய அதே நேரம். வலி மருந்து உண்டென்றால், அது வேலை செய்யும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விலா எலும்பு முறிந்தவர் வலியில் கையைத் தூக்காமல் இருப்பதைப் பலவீனம் என்று எழுதக் கூடாது.

கையில் இருக்க வேண்டியவை: மதிப்பெண் தாள், இரண்டு தலையணை, முழங்காலுக்குக் கீழே வைக்கச் சுருட்டிய டவல், கால் வைக்கும் ஸ்டூல், வாக்கர், நாற்காலி, தயாராக வைத்த சக்‌ஷன், நடக்க வைப்பதானால் நிரம்பிய சிறிய ஆக்சிஜன் சிலிண்டரும் அம்பு பேகும் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை). சிலிண்டர் மீட்டரைத் திறந்து பாருங்கள். வெளியே தொங்கும் அட்டையை நம்பாதீர்கள்.

நடக்கும் பாதையை முன்கூட்டியே அளந்து வையுங்கள். எஃப்எஸ்எஸ்-ஐசியுவில் முழு மதிப்பெண்ணுக்கான தூரம் 150 அடி, சுமார் 45 மீட்டர். 2 அடி டைல்ஸ் போட்ட தரையானால் 75 டைல்ஸ். எண்ணிக்கொண்டே நடப்பது எளிது.

4. விழிப்பைச் சோதியுங்கள்

முதலில் ராஸ் (RASS), விழிப்பையும் மயக்கத்தையும் எண்ணால் குறிக்கும் அளவு. −5 முதல் +4 வரையுள்ள இந்த அளவில் −1, 0, +1 ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால் தொடரலாம். அதற்குக் கீழே இருந்தால் பலம் அளக்க வேண்டாம். 'அளக்க இயலவில்லை, ராஸ் −3' என்று எழுதிவிட்டு வாருங்கள். வெற்றிடம் விடுவதும் 0 என்று போடுவதும் இரண்டும் தவறு. 0 என்றால் தசை அசையவில்லை என்று பொருள். அளக்கவில்லை என்பது வேறு செய்தி. சிறுநீரகம் பழுதானவரில் மிடசோலாம் நிறுத்திய பிறகும் மயக்கம் நீடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து ஐந்து கட்டளைகள்:

"கண்ணைத் திறங்க, மூடுங்க."
"என்னைப் பாருங்க."
"வாயைத் திறந்து நாக்கை நீட்டுங்க."
"ஆமான்னு தலையை ஆட்டுங்க."
"நான் அஞ்சு வரைக்கும் எண்ணி முடிச்சதும் புருவத்தைத் தூக்குங்க."

ஐந்துக்கு ஐந்தும் செய்தால் நல்லது. குறைந்தது மூன்று கட்டளையாவது செய்யாமல் பலச் சோதனைக்குப் போகாதீர்கள். மூன்று, நான்கு என்றால் அதையும் மதிப்பெண்ணோடு சேர்த்து எழுத வேண்டும்.

இங்கே நடக்கும் தவறுகள் பல. செய்து காட்டிக்கொண்டே சொல்வது ஒன்று. பார்த்துச் செய்வது வேறு, கேட்டுப் புரிந்து செய்வது வேறு. வாயில் டியூப் உள்ளவர் நாக்கை முழுதாக நீட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னொன்று. நுனி முன்னால் வந்தாலே போதும். 'ஆமா' என்பதற்கு நம் ஊரில் தலை மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டிலும் ஆடும், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

"கையை இறுக்கிப் பிடிங்க" என்பது ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளங்கையில் விரல் பட்டாலே மூடிக்கொள்ளும் அனிச்சைச் செயல் சில நோயாளிகளிடம் இருக்கும். பிடித்ததை நம்ப வேண்டுமானால் "விடுங்க" என்றதும் விட வேண்டும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வந்தவரிடம், "கண்ணு துறக்கூ", "கை பொக்கூ" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகே 'கட்டளைக்கு இணங்கவில்லை' என்று எழுதுங்கள். மயக்கத்திலிருந்து தெளிகிறவருக்கு வீட்டுமொழி முதலில் எட்டும்.

பாம்புக்கடி நோயாளியிடம் கூடுதல் கவனம் வேண்டும். கட்டுவிரியன், நல்ல பாம்பு ஆகியவற்றின் நஞ்சு இமையை முதலில் விழவைக்கும். அறிவு முழுதாகத் தெளிந்திருக்கும்போதும் கண் திறக்காது, புருவம் உயராது, தலை ஆடாது. மேலே சொன்ன ஐந்து கட்டளையிலும் அவர் தோற்றுவிடுவார். இமையை விரலால் தூக்கிப் பிடித்து, "கேட்டுதுன்னா கால் பெருவிரலை அசைங்க" என்று சொல்லுங்கள். மெல்லிய அசைவு தெரிந்தால் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பெட்டைச் சுற்றி நிற்பவர்கள் பேச்சைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

5. அசைப்பது பாதுகாப்பா என்று பாருங்கள்

டியூட்டி டாக்டரின் சம்மதம் முதலில். பிறகு மானிட்டரும் வென்டிலேட்டரும். வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் அளவு 60 சதவீதம் அல்லது அதற்குக் கீழ், பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 10 அல்லது அதற்குக் கீழ், ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 90 அல்லது அதற்கு மேல், மூச்சு எண்ணிக்கை 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் பெட்டை விட்டு எழுப்பும் சோதனைக்குப் பொதுவாகப் போகலாம். இதைத் தாண்டியவர்களுக்குப் பெட்டில் வைத்தே கைகால் பலத்தை அளப்பது பற்றி டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

பிரஷரை உயர்த்தும் நார்அட்ரினலின் ஓடினால் எந்த அளவு வரை சரி என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. உங்கள் ஐசியு வகுத்த வரம்பைப் பின்பற்றுங்கள். அளவைவிடப் போக்கு முக்கியம்: கடந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கூட்டினார்களா, குறைத்தார்களா? கூட்டிக்கொண்டே போகிறவரை எழுப்ப வேண்டாம்.

தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவர் என்றால், முதுகெலும்பு, இடுப்பெலும்பு பற்றி எலும்பு டாக்டர் எழுத்தில் சொல்லும்வரை உட்கார வைக்காதீர்கள். வாய்மொழி உத்தரவு ஷிஃப்ட் மாறும்போது மாறிப்போகும்.

இனி குழாய்கள். தலையிலிருந்து தொடங்கிக் கால்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மூச்சுக்குழாய் டியூப் உதட்டருகே எத்தனை செ.மீ. குறியில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததும் அதே எண் இருக்க வேண்டும். நெஞ்சு டிரெயின் நெஞ்சுக்குக் கீழே, யூரின் பேக் மூத்திரப்பைக்குக் கீழே. மூளையில் டிரெயின் வைத்தவருக்கு, தலை உயரம் மாறும் முன் அதை மூட வேண்டுமா என்று கேட்டு, மூடிய பிறகே நகர்த்த வேண்டும். முடிந்ததும் திறக்க மறக்கக் கூடாது.

ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்துப் பிரஷர் பார்க்கும் குழாய்) உள்ளவரிடம் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரஷரை அளக்கும் டிரான்ஸ்டியூசர் கம்பத்தில் கட்டியிருக்கும். படுத்திருந்தவரை உட்கார வைத்தால் இதயம் மேலே போகும், டிரான்ஸ்டியூசர் பழைய உயரத்திலேயே நிற்கும். 10 செ.மீ. வித்தியாசத்துக்குச் சுமார் 7.5 மி.மீ. கூடுதலாகக் காட்டும். 40 செ.மீ. என்றால் 30. நோயாளிக்குத் தலை சுற்றிக்கொண்டிருக்கும்போது மானிட்டர் நல்ல பிரஷர் காட்டும் மர்மம் இதுதான். உட்கார வைத்ததும் டிரான்ஸ்டியூசரை நான்காம் விலா இடைவெளி, அக்குளின் நடுக்கோடு மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே எண்ணை வாசியுங்கள்.

6. எம்ஆர்சி: ஆறு தசைக்கூட்டம், இருபக்கம்

தோளைப் பக்கவாட்டில் தூக்குவது, முழங்கையை மடக்குவது, மணிக்கட்டை மேலே நிமிர்த்துவது, தொடையை மேலே தூக்குவது, முழங்காலை நீட்டுவது, பாதத்தை மேலே வளைப்பது. ஆறும் இரண்டு பக்கமும் சேர்த்து 12 சோதனை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 60.

0: அசைவும் இல்லை, தொட்டாலும் துடிப்பு இல்லை. 1: துடிப்பு மட்டும். 2: புவியீர்ப்பு தடுக்காத நிலையில் அசைகிறது. 3: புவியீர்ப்பை எதிர்த்து அசைகிறது. 4: அதற்கு மேல் கொஞ்சம் எதிர்ப்பையும் தாங்குகிறது. 5: முழுப் பலம்.

சோதனையை 3-இல் தொடங்குங்கள். "கையைத் தூக்குங்க" என்று சொல்லி, தூக்கினால் எதிர்ப்புக் கொடுத்து 4-ஆ 5-ஆ என்று பாருங்கள். தூக்காவிட்டால் நிலையை மாற்றி 2, அதுவும் இல்லையென்றால் தசைமேல் விரல் வைத்து 1. பூஜ்யத்திலிருந்து மேலே ஏறினால் பாதியிலேயே நோயாளி களைத்துவிடுவார்.

நிலையே பாதி மதிப்பெண்

மல்லாந்து படுத்தவர் கையைப் பக்கவாட்டில் அகற்றினால் அது பெட்டின்மேல் வழுக்கிப் போகும் அசைவு. புவியீர்ப்பு எதிர்க்கவே இல்லை. அதற்கு 3 கொடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம். தோளுக்குத் தலைப்பக்கம் குறைந்தது 45 டிகிரி, முடிந்தால் 60 டிகிரி உயர்த்துங்கள். 2 பார்க்க வேண்டுமானால் தட்டையாகப் படுக்க வையுங்கள்.

முழங்கை: மேற்கை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்க்க. மணிக்கட்டு: முன்கையைத் தலையணைமேல் கவிழ்த்து, கை விளிம்பைத் தாண்டித் தொங்க. ஆர்ட்டீரியல் லைன் போட்டுக் கட்டிய மணிக்கட்டை வளைக்க வேண்டாம்.

தொடை: குதிகாலைப் பெட்டில் தேய்த்து முழங்காலை மடக்குவதை 3 என்று எடுக்காதீர்கள், கால் பெட்டை விட்டு உயர வேண்டும். முழங்கால்: கீழே சுருட்டிய டவலை வைத்து, "குதிகாலைத் தூக்குங்க". பாதம்: கெண்டைக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் தொங்கட்டும், பெட்டில் உரசினால் அசைவு தெரியாது.

இங்கே செய்து காட்டலாம், காட்டவும் வேண்டும். விழிப்பை ஏற்கெனவே சோதித்துவிட்டோம். இப்போது அளப்பது தசையை. எதிர்ப்பைப் படிப்படியாகக் கூட்டி மூன்று விநாடி பிடியுங்கள், வெடுக்கென்று அழுத்தாதீர்கள். "நான் அமுக்குவேன், விட்டுக்கொடுக்காதீங்க" என்ற ஒரே வாக்கியத்தை எல்லோரும் பயன்படுத்துங்கள். ஒருவர் "தம் பிடிச்சுத் தள்ளுங்க, தள்ளுங்க" என்று உரக்கச் சொல்லி, இன்னொருவர் மெல்ல முணுமுணுத்தால் மதிப்பெண் மாறிவிடும்.

மாவுக்கட்டு, கம்பி, லைன் காரணமாக ஒரு பக்கம் அளக்க முடியாவிட்டால் மறுபக்க மதிப்பெண்ணையே அதற்கும் எடுத்து, அப்படிச் செய்ததை எழுதுங்கள். பக்கவாதம் உள்ளவருக்கு இந்த வழி பொருந்தாது.

எண்ணைவிட வடிவத்தைக் கவனிக்க வேண்டிய இடம்

ஐசியுவில் நீண்ட நாள் கிடந்து வரும் பலவீனம் பெரும்பாலும் இருபக்கமும் சமமாக இருக்கும், முகம் தப்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் மூளையைச் சந்தேகித்து உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 'ஐசியு பலவீனம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. இமை விழுந்தால் பாம்பு நஞ்சு அல்லது மயஸ்தீனியா (நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் நோய்). காலில் தொடங்கி மேலேறி, அனிச்சை பார்க்கும் சுத்தியலுக்குப் பதில் தராத கால் என்றால் கில்லன்-பாரே (நரம்புகளைத் தாக்கும் நோய்).

பூச்சிமருந்து குடித்து வந்தவர்களிடம் கழுத்தைப் பாருங்கள். எம்ஆர்சியின் 12 சோதனையில் கழுத்து இல்லை. ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சில் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் வரும் இரண்டாம் கட்டப் பலவீனம், கழுத்தை மடக்கும் தசையில்தான் முதலில் தெரியும். மூச்சுத் தசை அடுத்தது. "தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அஞ்சு எண்ணும்வரை பிடிங்க." காலையில் பிடித்தவர் மாலையில் பிடிக்காவிட்டால், மற்ற எல்லாச் சோதனையையும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

7. கைப்பிடிப் பலம்

டைனமோமீட்டர் இருந்தால் மட்டும். பிடியை இரண்டாவது நிலையில் வையுங்கள். முழங்கை 90 டிகிரி, முன்கை கவிழாமல் மல்லாக்காமல் நடுவாக. கருவியின் எடையை நீங்கள் தாங்குங்கள். பலவீனமான கைக்கு அதைத் தூக்கிப் பிடிப்பதே ஒரு வேலை. மூன்று முறை, இடையே ஒரு நிமிட ஓய்வு, அதில் அதிகமானது கணக்கு. ஒவ்வொரு முறையும் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். திருப்பாவிட்டால் முந்தைய முறையின் எண்ணே அங்கே நிற்கும்.

ஆணுக்கு 11 கிலோவுக்குக் கீழும் பெண்ணுக்கு 7 கிலோவுக்குக் கீழும் இருந்தால் ஐசியு பலவீனத்தைச் சந்தேகிக்கலாம். மூட்டுவாதக் கையிலும் வீங்கிய கையிலும் இந்த எண் ஏமாற்றும்.

8. செயல்: புரள்வது முதல் நடப்பது வரை

எஃப்எஸ்எஸ்-ஐசியுவின் ஐந்து செயல்கள்: புரள்வது, படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காருவது, பெட் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது, எழுந்து நிற்பது, நடப்பது. மதிப்பெண்ணின் அடிப்படை, வேலையில் எவ்வளவு பங்கு நோயாளியுடையது என்பது. 7: முழுக்கத் தானே. 6: தானே, ஆனால் வாக்கர் போன்ற துணையோ கூடுதல் நேரமோ வேண்டும். 5: பக்கத்தில் ஆள் நின்றால் போதும். 4: முக்கால் பங்குக்குக் குறையாமல் அவர் செய்கிறார். 3: பாதிக்குக் குறையாமல். 2: கால் பங்குக்குக் குறையாமல். 1: கால் பங்குக்கும் குறைவு. 0: செய்ய இயலாத நிலை.

ஆள் பிரிவு: வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நான்கு பேர். டியூபை ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும், அவர் வேறெதையும் தொடக் கூடாது. முன்னால் பிசியோதெரபிஸ்ட், பக்கத்தில் உதவியாளர், லைன்களுக்கு ஒருவர். கட்டளை ஒரு வாயிலிருந்துதான் வர வேண்டும். நான்கு பேரும் "எந்திரிங்க, எந்திரிங்க" என்றால் நோயாளி யார் முகத்தைப் பார்ப்பார்?

தலைப்பக்கத்தை ஒரேயடியாக உயர்த்தாமல் 30, 45, 60 டிகிரி என்று நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஓரிரு நிமிடம் பொறுத்து பிரஷர் பாருங்கள். பல நாள் படுத்தவரின் ரத்தக்குழாய்கள் நிமிர்வதற்குப் பழக்கம் விட்டிருக்கும்.

ஒவ்வொரு செயலிலும் முதலில் கையைக் கட்டிக்கொண்டு பத்து விநாடி காத்திருங்கள். அக்கறையில் உடனே தூக்கிவிடுவது நம் சுபாவம். அப்படித் தூக்கினால் அவர் எவ்வளவு செய்திருப்பார் என்பது தெரியாமலே போகும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. தளர்ந்த தோள் மூட்டு நழுவும், மதிப்பெண்ணும் பயனற்றுப் போகும். இடுப்பில் பெல்ட் கட்டுங்கள். இல்லையென்றால் உறுதியான துவர்த்தை (துண்டை) மடித்துக் கட்டலாம். வயிற்றில் அறுவை, டிரெயின், வயிற்றுக் குழாய் உள்ளவருக்கு இது வேண்டாம்.

பெட்டின் பிரேக்கையும் உயரத்தையும் பாருங்கள். பாதம் தரையில் முழுதாகப் படாமல் தொங்கினால் யாரானாலும் பின்னால் சாய்வார்கள். அதை உட்காரும் சமநிலை இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஸ்டூல் வைத்து மறுபடி பாருங்கள். எழுந்து நிற்கும் சோதனையில் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். அந்த உயரத்தைச் செ.மீ. கணக்கில் எழுதுங்கள், அடுத்த முறை பெட்டை உயர்த்தி எழுப்பிவிட்டு முன்னேற்றம் என்று சொல்ல இடம் கொடுக்காது.

சாரம் (லுங்கி) கட்டியவரை நடக்க வைக்கும் முன் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுங்கள். வழுக்கும் ஸ்டாக்கிங்ஸோடு டைல்ஸில் நடத்தாதீர்கள். நடக்கும்போது நாற்காலி பின்னாலேயே வர வேண்டும்.

அன்றைய ஐசியு மொபிலிட்டி எண்ணையும் இத்தோடு எழுதிவிடலாம். 0 எதுவும் இல்லை, 1 பெட்டிலேயே உடற்பயிற்சி, 2 நிற்காமல் தூக்கி நாற்காலியில் வைத்தது, 3 பெட் ஓரத்தில் உட்கார்ந்தது, 4 நின்றது, 5 அடி எடுத்து நாற்காலிக்கு மாறியது, 6 நின்ற இடத்தில் அடி வைத்தது, 7 இரண்டு பேர் உதவியில் நடை, 8 ஒருவர் உதவியில், 9 வாக்கர் போன்ற துணையோடு தானே, 10 எதுவுமின்றித் தானே. அன்று உண்மையில் செய்த உச்சத்தைப் போடுங்கள், செய்திருக்கக்கூடியதை அல்ல. 2-ஐயும் 5-ஐயும் குழப்புவது சகஜம்: இரண்டிலும் நோயாளி முடிவில் நாற்காலியில்தான் இருப்பார், போய்ச் சேர்ந்த விதம் வேறு.

9. எப்போது நிறுத்துவது

சராசரி பிரஷர் 65-க்குக் கீழ். நாடித்துடிப்பு 40-க்குக் கீழ் அல்லது 130-க்கு மேல். மூச்சு 5-க்குக் கீழ் அல்லது 40-க்கு மேல். சாச்சுரேஷன் 88-க்குக் கீழ். புதிய இதயத்துடிப்புக் கோளாறு, நெஞ்சுவலி, வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுவது, டியூப் நகர்ந்ததாகச் சந்தேகம். இவற்றில் ஒன்று வந்தாலும் உட்கார வைத்து அல்லது படுக்க வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சாச்சுரேஷன் விழுந்தால் பதறும் முன் விரலில் உள்ள ப்ரோபையும் அலையின் வடிவத்தையும் ஒருமுறை பாருங்கள். வாக்கரை இறுக்கிப் பிடித்த கையில் அது நழுவும். ஆனால் நோயாளியின் முகமும் உதடும் வேறு கதை சொன்னால் ப்ரோபைக் குறை சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

நிறுத்திய நேரம், காரணம், பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆனது ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். இரண்டு நிமிடத்தில் திரும்பியவருக்கும் இருபது நிமிடம் எடுத்தவருக்கும் நாளைய திட்டம் ஒன்றாக இருக்காது.

10. பதிவு

'எம்ஆர்சி 44' என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்குப் பயனில்லை. இப்படி இருக்கட்டும்:

"ஐசியு நாள் 9, காலை 10.30. ராஸ் 0, கட்டளை 5/5. வென்டிலேட்டர், ஆக்சிஜன் 40%, பீப் 6. எம்ஆர்சி 44/60, தலைப்பக்கம் 60 டிகிரி. வலது மணிக்கட்டில் லைன், இடது மதிப்பெண் எடுக்கப்பட்டது. எஃப்எஸ்எஸ் 9/35: புரள்வது 3, எழுந்து உட்காருவது 2, ஓரத்தில் உட்காருவது 3, நிற்பது 1, நடப்பது 0. பெட் உயரம் 50 செ.மீ. நிற்கும்போது மூச்சு 42, நிறுத்தப்பட்டது, 4 நிமிடத்தில் 24. மொபிலிட்டி 4. டியூப் 22 செ.மீ., மாற்றம் இல்லை."

விழித்த முதல் நாளில் முழு அளவீடு, பிறகு வாரம் ஒருமுறை, ஐசியுவை விட்டுப் போகும் நாளில் ஒருமுறை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். மொபிலிட்டி எண் தினமும். முடிந்தால் ஒரே ஆள் அளக்கட்டும்.

11. எண்ணை வாசிக்கும்போது

எம்ஆர்சி 48-க்குக் கீழ் என்றால் ஐசியு பலவீனம் என்ற பேச்சு எழும். 36-க்குக் கீழ் கடுமையானது. ஒரு முறை அளந்து முத்திரை குத்தாமல், 24 மணி நேரம் கழித்து மறுபடி அளந்து உறுதி செய்யுங்கள்.

எம்ஆர்சி 56, ஆனால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்று ஒருவர் வருவார். அளந்தவர் தப்பாகப் போட்டிருப்பார் என்று நினைக்க வேண்டாம். எழுந்து நிற்கத் தேவையான புட்டத்துத் தசையும் முதுகு, வயிற்றுத் தசையும் அந்த 12 சோதனையில் கிடையாது. ஒரு முறை அமுக்கித் தாங்குவதும் பத்து அடி தொடர்ந்து வைப்பதும் வேறு வேறு. 4-க்கும் 5-க்கும் இடையிலான கோடும் அளப்பவரின் கைப்பலத்தைப் பொறுத்தது. வலுவான கைக்காரர் எல்லோருக்கும் 4 போடுவார். செயல் மதிப்பெண்ணைக் கட்டாயம் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

35-க்கு 35 வாங்கினாலும் வீட்டுக்குத் தயார் என்று ஆகாது. சமதளத்தில் 45 மீட்டர் நடப்பதோடு அந்த அளவுகோல் முடிந்துவிடுகிறது. குத்தவைத்து எழுவதும் பாயிலிருந்து எழும்புவதும் மேடு ஏறுவதும் அதில் இல்லை. முதல் நாள் குடும்பத்தாரிடம் எழுதி வாங்கிய படி, கக்கூஸ், தொழில் விவரத்தை இந்த எண்களோடு ஒரே தாளில் இணைத்து வார்டு பிசியோதெரபிஸ்டிடம் கொடுங்கள். படியும் தரையும் அங்கே சோதிக்க வேண்டியவை என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.